கூலன்ட் குறைந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள்

"வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும் சார், அப்பப்ப ஊத்திக்கங்க." இந்தப் பேச்சை நம்பி இன்ஜினைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். கார் தண்ணீர் குடிக்காது. பெட்ரோல் எரிந்து தீரும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தீராது. மூடிய சுற்றுக்குள் அதே திரவம்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. மாதாமாதம் அளவு இறங்குகிறது என்றால் எங்கேயோ வெளியே போகிறது. அது எந்த வழி என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் பெரிய தவறு.

வாட்டர் பம்ப் கூலன்டை இன்ஜின் பிளாக்குக்குள்ளும் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளும் தள்ளுகிறது. இன்ஜின் சூடேறும்வரை தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். பெரும்பாலான கார்களில் 82 முதல் 95 டிகிரிக்குள் அதனுள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அப்போதுதான் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய்ச் சூட்டைக் காற்றில் விட்டுவிட்டு வரும். இன்ஜின் ஹீட் ஆகிறது என்றதும் இந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். ஹீட் ஆன உண்மையான காரணமோ அப்படியே உள்ளே இருக்கும்.

யாரும் சந்தேகப்படாத பாகம், ரேடியேட்டர் அல்லது கூலன்ட் டேங்கின் மூடி. பாதி தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அந்தக் கொதிநிலை 129 டிகிரியை நெருங்குகிறது. மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் முன்கூட்டியே கொதித்து டேங்க் வழியாக வெளியே தள்ளும். மூடியை மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு ரேடியேட்டரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதே அழுத்தம்தான் காரணம். உள்ளே 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் திரவம், அழுத்தம் விட்ட கணத்தில் கொதித்து முகத்தில் பாயும். மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கை பொறுக்கும் அளவுக்கு ஆறி, கல் மாதிரி விறைக்காமல் மெத்தென்று இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம்.

அளவு பார்ப்பதிலும் பலர் தவறுகிறார்கள். சூட்டில் கூலன்ட் விரியும். அதனால் ஓட்டி வந்த கையோடு பார்த்தால் அளவு சரியாக இருப்பதாகவே தோன்றும். காலையில், சமதரையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டேங்கில் ஒரு டேப் ஒட்டிக் கோடு போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். கூலன்ட் மாற்றிய முதல் சில நாட்களில் கொஞ்சம் இறங்கினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறியிருக்கலாம். அதன் பிறகும் இறங்கினால் கசிவுதான்.

தரை காய்ந்திருக்கிறதே, அப்படியானால் ஹெட் கேஸ்கெட்தான் (பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. என் காரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு விரல்கடை இறங்கிக்கொண்டிருந்தது, தரையில் சொட்டு ஈரம் இல்லை. ஒரு மெக்கானிக் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரவு முழுக்க வண்டியை நிறுத்தி வைத்து, காலையில் குளிர்ந்த இன்ஜினில் பிரஷர் டெஸ்டரை மாட்டி 1 பார் வரை கையால் பம்ப் அடித்தோம். முள் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளாம்புக்குக் கீழே இளஞ்சிவப்பாய் ஒரு முத்து திரண்டு நின்றது. அதைச் சுற்றி முன்பு கசிந்து உலர்ந்த கூலன்ட், உப்புப் பூத்தது போல வெள்ளையாய். குளிரில் ரப்பரும் உலோகமும் சுருங்கும்போது மட்டும் கசிந்து, சூடானதும் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. கிளாம்பை மாற்றியதோடு சரி.

ஆகவே முதலில் அந்தப் பூத்த கறையைத் தேடுங்கள்: ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை. காருக்குள் தித்திப்பான வாடை, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான படலம், கால் வைக்கும் இடத்தில் ஈரம் என்றால் ஹீட்டர் கோர், அதாவது கூலன்டின் சூட்டை காருக்குள் வரும் காற்றுக்குத் தரும் சிறு ரேடியேட்டர், கசிகிறது. ஏசித் தண்ணீர் இப்படி இருக்காது. நிறமும் வாடையும் இல்லாத வெறும் தண்ணீர் அது.

ஹெட் கேஸ்கெட் போனால் அதற்கென்று தனி அடையாளங்கள் உண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் விறைக்கும், டேங்கில் குமிழிகள் நிற்காமல் வரும், இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் தித்திப்பு வாடையோடு வெண்புகை வரும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் பால்போல் ஒட்டியிருந்தால் பதறாதீர்கள், குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி ஆகும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் விஷயம் பெரிது. உறுதி செய்ய, இன்ஜினில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிவதைக் காட்டும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் கசிவு இருந்தால் அது மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

கூலன்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம். ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் விற்கின்றன. கார் கையேடு சொல்லும் வகைதான் சரி. வகை மாறிக் கலந்தால் துருத்தடுப்பு கெடும், சிலசமயம் திரவம் கூழாகிவிடும். வெறும் குழாய்த் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். தொடர்ந்து ஊற்றினால் உள்ளே உப்பு படியும், துருவும் பிடிக்கும். அதற்காகக் கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தவறு. தண்ணீர் கலக்காத கிளைக்கால் சூட்டைக் குறைவாகவே கடத்தும். குளிரிலும் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கசிவை அடைக்கும் பவுடர்களும் வேண்டாம், ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான் அவை முதலில் அடைக்கும்.

டெம்பரேச்சர் முள்ளை முழுசாக நம்பவும் முடியாது. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் வடிந்து அது காற்றில் நின்றால், இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே கிடக்கலாம். ஹீட்டர் போட்டு ஓட்டும்போது திடீரென்று குளிர்ந்த காற்று வந்தால் ஹீட்டருக்குக் கூலன்ட் வராமல் போயிருக்கலாம், உடனே ஓரங்கட்டுங்கள். முள் ஏறினாலும் அப்படித்தான்: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசலே விடலாம். முழுக்க ஆறும்வரை காத்திருங்கள்.

சிந்திய கூலன்டை அப்போதே துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் தித்திப்பான விஷம். கொஞ்சம் குடித்தாலே நாயும் பூனையும் சிறுநீரகம் செயலிழந்து சாகக்கூடும். மிச்சமிருக்கும் கேனைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.