தலைவர் தேர்தலில் மோதிக்கொண்ட இரண்டு அணிகளை ஒரே மேடையில் ஏற்றுவது எப்படி

பெங்களூரில் நாலு தமிழர் சேர்ந்தால் ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தால் இரண்டு அணி. அல்சூர், ஸ்ரீராமபுரம், ஒயிட்ஃபீல்டு அபார்ட்மெண்ட் என்று இடம்தான் மாறும். நோட்டீஸ், அதற்கு எதிர் நோட்டீஸ், நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் பறக்கும் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் எங்கேயும் ஒன்றுதான். ஓட்டு எண்ணி முடிந்ததும் ஜெயித்தவர் கழுத்தில் மாலை விழும், தோற்ற அணி வாசலில் நின்று ஆட்டோ புக் செய்துகொண்டிருக்கும். பொங்கல் விழாவை இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் நடத்தியாக வேண்டும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

இதில் நாம் கவனித்துப் பார்க்க வேண்டியது அமெரிக்கக் கட்சிகளை. அதிபர் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள்ளேயே பிரைமரி என்ற உட்கட்சிப் போட்டி, மாநிலம் மாநிலமாக, பல மாதம் நடக்கிறது. ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். அப்புறம் நவம்பரில் தோற்றவர் ஜெயித்தவருக்காக ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும். சில வருடம் இது ஒழுங்காக நடந்திருக்கிறது, சில வருடம் சொதப்பியிருக்கிறது.

சரி, ஜெயித்தது நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவே போன் செய்யுங்கள். அமெரிக்காவில் தோற்றவர் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்வது வழக்கம், நம் ஊரில் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தால் அடுத்த தேர்தலே வந்துவிடும். "அண்ணே, நான்தான் பேசுறேன். சாப்ட்டீங்களா? ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வர்றேன், அண்ணிகிட்டயும் சொல்லிடுங்க." இது போதும். பதவி தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள், ஒத்துழைப்பு வேண்டும் என்றும் கேட்காதீர்கள். "தேர்தல்னா இதெல்லாம் சகஜம்ணே" என்பது வேண்டவே வேண்டாம். அது தோற்றவர் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்வது, ஜெயித்தவர் வாயிலிருந்து வந்தால் குத்தும்.

அடுத்து, இறங்கி வர அவகாசம் கொடுங்கள். 2008இல் ஜனநாயகக் கட்சியின் கடைசி பிரைமரிகள் ஜூன் 3ஆம் தேதி முடிந்தன, அன்று இரவே ஒபாமாவுக்கு வேட்பாளராகத் தேவையான மாநாட்டுப் பிரதிநிதிகளின் எண்ணிக்கை கிடைத்துவிட்டது, ஆனால் ஹிலாரி கிளிண்டன் அன்று தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ஒபாமா அதற்காக முறைத்துக்கொள்ளாமல் தன் வெற்றிப் பேச்சிலேயே அவரை வாயாரப் பாராட்டினார். ஜூன் 7இல் ஹிலாரி வாஷிங்டனில் தன் ஆதரவாளர்களைக் கூட்டி, கௌரவமாக, தன் வாயாலேயே போட்டியிலிருந்து விலகுவதையும் ஒபாமாவை ஆதரிப்பதையும் சொன்னார். ஜூன் 27இல் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சின்ன ஊரில் இருவரும் ஒரே மேடை ஏறினார்கள். அந்த ஊர் பிரைமரியில் இருவருக்கும் ஆளுக்கு 107 ஓட்டு, சரிசமம். ஆகஸ்டில், வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் டென்வர் கட்சி மாநாட்டில் மாநில வாரியாக ஓட்டு அறிவித்துக்கொண்டிருந்தபோது, இதோடு நிறுத்திவிட்டு ஒபாமாவை ஏகமனதாகத் தேர்ந்தெடுப்போம் என்று முன்மொழிந்ததும் ஹிலாரிதான். தோற்றவர் கையிலேயே மைக்கைக் கொடுத்து முடித்துவைக்கச் சொன்னது எவ்வளவு பெரிய சாமர்த்தியம் பாருங்கள். நம் சங்கப் பொதுக்குழுவில் புதுத் தலைவரைப் பேச அழைக்கும் வேலையைத் தோற்றவரிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் மறுக்க மாட்டார்கள்.

பலரும் கவனிக்காத விஷயம் காசு. போட்டி முடிந்தபோது ஹிலாரி அணிக்குப் பெரிய கடன் இருந்தது. ஒபாமா தனக்கு நிதி கொடுத்தவர்களிடம் அதை அடைக்க உதவச் சொன்னார், தானும் செக் கொடுத்தார். நம் அளவில் இது நோட்டீஸ் அடித்த பிரஸ் பாக்கி, முதியவர்களைக் கூட்டிவந்த வேன் வாடகை, பிரியாணிக் கணக்கு. ஜெயித்த அணி தங்களுக்குள் வசூல் செய்து, சத்தமில்லாமல், அதில் கொஞ்சம் தீர்த்துக் கொடுத்தால் பத்துச் சமாதானக் கூட்டம் செய்யாததை அது செய்யும். சங்கப் பணத்தில் மட்டும் ஒரு பைசா தொடக்கூடாது, அது வேறு வழக்காகிவிடும்.

போட்டோவுக்கு அவசரப்படாதீர்கள். நாம் எல்லோரும் முதலில் செய்வது அதுதான்: ஒரு பொன்னாடை, இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கி ஒரு போட்டோ, முடிந்தது ஒற்றுமை. 1980இல் பதவியில் இருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து அவர் கட்சிக்காரரான எட்வர்ட் கென்னடி நின்றார், தோற்றார், மாநாடு வரை விடாமல் மல்லுக்கட்டினார். நியூயார்க் மாநாட்டின் கடைசி இரவில் கென்னடி மேடைக்கு வந்தார், கையும் குலுக்கினார். ஆனால் கைகோத்து உயர்த்தும் அந்த ஒரு போட்டோவுக்காகக் கார்ட்டர் மேடை முழுக்க அவர் பின்னாலேயே போக, கென்னடி நழுவிக்கொண்டே இருந்ததை நாடே டிவியில் பார்த்தது. நவம்பரில் கார்ட்டர் ரீகனிடம் 44 மாநிலங்களில் தோற்றார். விலைவாசியும் ஈரான் பணயக்கைதி விவகாரமும் அதற்குப் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனாலும் உள்ளே தீராத சண்டையை மேடையில் தீர்ந்ததாகக் காட்டப் போனால் மானம் போவது ஜெயித்தவருக்குத்தான்.

பதவி விஷயத்துக்கு வருவோம். "கௌரவ ஆலோசகர்" கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று உங்கள் அணியில் ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள். அது பேனரில் பெயர் போட மட்டும் பயன்படும் பதவி என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். 2020இல் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஜெயித்த பைடனும் தோற்ற சாண்டர்ஸும் சேர்ந்து ஆறு குழு அமைத்தார்கள்: பருவநிலை, பொருளாதாரம், மருத்துவம், கல்வி, குடியேற்றம், குற்றவியல் நீதி. ஒவ்வொன்றிலும் இரண்டு தரப்பு ஆட்களும் இருந்தார்கள். பருவநிலைக் குழுவுக்குப் பைடன் பக்கத்து ஜான் கெர்ரியும், சாண்டர்ஸ் பக்கத்து இளம் எம்பி அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸும் கூட்டுத் தலைவர்கள். ஜூலையில் 110 பக்க அறிக்கை வந்தது. சாண்டர்ஸ் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, ஆனால் அவர் ஆட்கள் உட்கார்ந்து எழுதிய வரிகள் அதில் இருந்தன. உங்கள் சங்கத்தில் அப்படி அதிகாரமுள்ள வேலைகள் எவை? கணக்குச் சரிபார்ப்பு, பொங்கல் விழாக் குழு, மண்டபம் வாடகைக்கு விடுவது, சட்டவிதித் திருத்தம். இவற்றில் இரண்டையாவது எதிர் அணிக்குக் கொடுங்கள், செலவுக்குக் கையெழுத்துப் போடும் உரிமையோடு. வயிறு எரியும்தான், கொடுங்கள்.

தேர்தல் நடந்த விதத்தைப் பற்றிய புகாரையும் ஒதுக்கக்கூடாது. 2016 ஜூலையில் ஜனநாயகக் கட்சித் தலைமையக மின்னஞ்சல்கள் கசிந்து, அங்கே இருந்த சிலர், பிரைமரியில் ஹிலாரியோடு மோதிய சாண்டர்ஸுக்கு எதிராகச் சாய்ந்திருந்தது வெளியே தெரிந்ததும், மாநாடு தொடங்கும் நேரத்தில் கட்சித் தலைவரே ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. பின்னர் 2018இல், தேர்ந்தெடுக்கப்படாமலேயே ஓட்டுரிமை பெறும் சூப்பர் டெலிகேட்டுகள் மாநாட்டு ஓட்டெடுப்பின் முதல் சுற்றில் முடிவைத் தீர்மானிக்க முடியாதபடி விதியை மாற்றினார்கள். நம்மிடம் இதன் வடிவம் எல்லோருக்கும் தெரியும்: கடைசி வாரத்தில் மொத்தமாகச் சந்தா கட்டிச் சேர்க்கப்பட்ட உறுப்பினர்கள், இறந்தவர் பெயர் நீக்கப்படாத பட்டியல், யார் கையெழுத்து என்றே தெரியாத பிராக்ஸி, அதாவது வராதவருக்காக இன்னொருவர் போடும் ஓட்டு. முடிவு மாறாது என்றாலும் புகாரை எழுத்தில் வாங்குங்கள், அடுத்த தேர்தலுக்குள் விதியைத் திருத்துங்கள்.

தோற்ற அணிக்கும் ஒரு வார்த்தை, முக்கியமாகச் சங்கத்தில் இருபது வருடம் ஊறிய பெரியவர்களுக்கு. 1939இல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் பட்டாபி சீதாராமையாவை வென்றார். பட்டாபியின் தோல்வி தன் தோல்வி என்றார் காந்தி. செயற்குழுவில் பெரும்பாலானோர் ராஜினாமா செய்தார்கள். திரிபுரி மாநாட்டில் காந்தியின் விருப்பப்படிதான் செயற்குழு அமைக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ஏப்ரலில் போஸ் விலகினார், மே மாதம் பார்வர்டு பிளாக் பிறந்தது, நம் முத்துராமலிங்கத் தேவரும் அந்தப் பக்கம் போனார். ஜெயித்தவரை ஒரு கமிட்டிகூட அமைக்க விடாமல் முடக்கினால் சங்கம் இரண்டாகும், பெங்களூரில் அதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. அதே காங்கிரஸில் 2022 தலைவர் தேர்தலில் நம் கர்நாடகத்துக்காரர் கார்கே 7,897 ஓட்டும் சசி தரூர் 1,072 ஓட்டும் வாங்கினார்கள். தரூர் அன்றே நேரில் போய் வாழ்த்தினார். 2023 ஆகஸ்டில் அவருக்குச் செயற்குழுவில் இடம் கிடைத்தது. தாமதம்தான், ஆனாலும் கிடைத்தது.

தலைவர்கள் கைகுலுக்கிவிட்டால் தொண்டர்களும் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2016இல் ஹிலாரியை ஆதரியுங்கள் என்று சாண்டர்ஸ் கேட்டபோது அவருடைய பிரதிநிதிகளே கூச்சல் போட்டார்கள். அதனால் வாட்ஸ்அப் குழுவில் நீளமாகச் சமாதானச் செய்தி போடுவதால் பயனில்லை. எதிர் அணியில் அதிகம் கத்தியவர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள், ஒவ்வொருவரையும் தனியாகத் தர்ஷினிக்கு, அதான் நின்றபடி சாப்பிடும் நம் ஊர் சின்ன ஓட்டலுக்கு, கூட்டிப்போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். பேசுவதைவிடக் கேளுங்கள்.

முதல் கூட்டு நிகழ்ச்சிக்கு இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் நவம்பர் 1, கர்நாடக மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவம். கன்னடக் கொடி ஏற்றி, இனிப்புக் கொடுத்து, அரை மணி நேரத்தில் முடியும்; அங்கே யார் முதலில் பேசுவது என்று சண்டை போட நம் ஆட்களுக்கே கூச்சமாக இருக்கும். பொங்கலை முதலில் வைத்தால் கரும்பு யார் வாங்குவது என்பதிலேயே பழைய கதை ஆரம்பித்துவிடும்.

பீரோ சாவி, ரசீது புத்தகம், வங்கிக் கையெழுத்து மாற்றம், பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய நிர்வாகக் குழுப் பட்டியல், இவற்றை இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒரே நாளில் எழுதி வாங்கி முடியுங்கள். இழுத்தால் சந்தேகம் வளரும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் வர மாட்டார்கள், ஒருவர் வழக்கே போட்டிருப்பார். அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் தூக்காதீர்கள். வழக்கு கோர்ட்டில் நடக்கட்டும். சந்தா கட்டினால் ரசீது கொடுங்கள், விழா அழைப்பிதழை வீட்டுக்கே போய்க் கொடுங்கள், அவர் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தால் முன்வரிசையில் போய் உட்காருங்கள்.