முதல் நாய்க்குட்டிக்கு பெல்ட்டும் லீஷும் வாங்குவது எப்படி?

நாய்க்குட்டிக்கு பெல்ட் வாங்கப் போனால் கடையில் முதலில் கண்ணில் படுவது வரிசையாகத் தொங்கும் இரும்புச் செயின்கள்தான். "பெரிய ஜாதியா? அப்போ இதுதான் தாங்கும்" என்று கடைக்காரரும் எடுத்து நீட்டுவார். தயவுசெய்து வாங்காதீர்கள். நடை பழகும் வயதில் கழுத்தில் வலி இல்லாமல் இருந்தால்தான் குட்டி நம்மோடு சேர்ந்து நடக்க ஆசைப்படும்.

1. அளவெடுங்கள்

தையல் டேப் போதும். இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். பெல்ட் உட்காரும் இடத்தில், இறுக்காமல் அளக்க வேண்டும். மாட்டிய பிறகு பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இறுக்கம். நான்கு விரல் தாராளமாகப் போனால் பெல்ட் தலை வழியே கழன்றுவிடும். சில சமயம் கீழ்த்தாடை அதற்குள் மாட்டிக்கொண்டு குட்டி பதறும்.

குட்டிகள் மளமளவென்று வளரும். அதனால் வாரம் ஒருமுறை விரலை விட்டுப் பார்த்துவிடுங்கள். அப்படியே விட்ட பெல்ட் தோலுக்குள் புதைந்து, மருத்துவர் அறுத்து எடுக்க வேண்டிய நிலைக்குப் போன நாய்கள் உண்டு. சடைமுடி நாய்களுக்கு இது வெளியே தெரியவே தெரியாது.

2. உங்கள் நாய்க்கு எது சரி?

லாப்ரடார், நம் நாட்டு நாய் போன்ற பெரும்பாலான நாய்களுக்குத் தட்டையான நைலான் பெல்ட் போதும். சின்ன நாய்க்கு ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், லாப்ரடார் அளவுக்கு இரண்டரை. மெல்லியதாக இருந்தால் இழுக்கும்போது அறுக்கும். தோல் பெல்ட் நன்றாக உழைக்கும், ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நனைந்தால் நிழலில் காயவைக்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். இந்த வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். எதையாவது பார்த்து மிரண்டு பின்பக்கமாக ஒரு இழு இழுத்தால் சாதாரண பெல்ட் காதைத் தாண்டி வழுக்கி வந்துவிடும். ஓடத் தொடங்கிய சிப்பிப்பாறையை நாம் துரத்திப் பிடிக்க முடியாது. இவற்றுக்கு மார்ட்டின்கேல் என்று கேட்டு வாங்குங்கள். பெரிய வளையமும், அதன் இரு முனைகளை இணைக்கும் சின்ன வளையமுமாக இருக்கும். நாய் இழுத்தால் தலை கழலாத அளவுக்கு மட்டும் சுருங்கும், விட்டால் தளரும். சுருங்கிய நிலையில் பெரிய வளையத்தின் இரு முனைகளில் உள்ள இரும்பு வளையங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் பெல்ட் லூஸ், அளவைக் குறையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். ஜன்னல் கம்பியிலோ கேட்டிலோ மாட்டினால் ஆபத்து.

பொமரேனியன், பக் போன்றவற்றுக்கு நடக்கும்போது கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ்தான் நல்லது. பொமரேனியனின் மூச்சுக்குழாய் எளிதில் தளர்ந்து ஒடுங்கக்கூடியது. பக்குக்கு ஏற்கெனவே மூச்சுவிடுவது சிரமம். மார்பில் 'ஒய்' எழுத்துபோல இறங்கும் ஹார்னஸாகப் பாருங்கள். தோள்பட்டைக்குக் குறுக்கே வார் ஓடினால் முன்னங்கால் நீட்டி நடக்க வராது. அக்குளில் உரசுகிறதா என்றும் கவனியுங்கள்.

3. வாங்கக் கூடாதவை

இழுத்தால் கழுத்தை நெரிக்கும் சோக் செயின், உள்பக்கம் முள் உள்ள காலர், கரன்ட் வைக்கும் காலர். மூன்றும் வலியை வைத்துத்தான் வேலை செய்கின்றன. கழுத்து நெரியும்போது மூச்சுக்குழாய் அமுங்குகிறது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. எதிரே வேறொரு நாய் வரும் நேரத்தில் நீங்கள் சுண்டினால், அந்த நாய் வந்ததால்தான் வலித்தது என்று உங்கள் நாய் நினைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை தூரத்தில் பார்த்தவுடனேயே உறுமும். கரன்ட் காலரை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது.

4. லீஷ்

பெல்ட்டில் மாட்டி நாம் கையில் பிடிக்கும் கயிறுதான் லீஷ். ஆறடி நீளத்தில் நைலான் அல்லது பருத்தியில் வாங்குங்கள். பழக்குவதற்கு இது போதும். இழுக்க இழுக்க நீண்டு சுருளும் லீஷ் பழக்குவதற்கு வேண்டாம். இழுத்தால் நீளம் கிடைக்கும் என்று அது நாய்க்குக் கற்றுக்கொடுத்துவிடும். அதன் மெல்லிய கயிறு விரலில் சுற்றினால் சதையைக் கிழிக்கும். கூப்பிட்டால் வரப் பழக்க ஐந்து முதல் பத்து மீட்டர் நீளக் கயிறு வாங்கலாம். அதை ஹார்னஸில் மட்டுமே மாட்டுங்கள். ஓடிப்போய்க் கயிறு தீரும் இடத்தில் விழும் திடீர் இழுப்பு கழுத்தில் இறங்கக்கூடாது.

கொக்கியைக் கடையிலேயே பத்துப் பதினைந்து தடவை அமுக்கி விடுங்கள். ஸ்பிரிங் டக்கென்று திரும்ப வேண்டும்.

கேட்டருகே கட்டிப்போடும் கனமான செயினை வைத்து நடை பழக்காதீர்கள். அளவுக்கு மீறிய கனமுள்ள அல்லது நீளம் குறைந்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

5. பழக்குங்கள்

முதல் நாள் சாப்பாடு வைக்கும் நேரத்தில் பெல்ட்டை மாட்டி, தின்று முடித்ததும் கழற்றுங்கள். சொறிந்துகொண்டால் பரவாயில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். அப்புறம் வீட்டுக்குள்ளேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, லீஷைத் தரையில் இழுத்தபடி திரியட்டும். பிறகு கையில் எடுங்கள். குட்டி இழுத்தால் நில்லுங்கள். கயிறு தொய்ந்ததும் சின்னத் துண்டு வேகவைத்த சிக்கன் கொடுத்து நடங்கள். திரும்ப இழுத்தால் திரும்ப நில்லுங்கள். முதல் வாரம் தெருமுனைவரை போய்ச் சேரவே நேரமாகும், அது சரிதான்.

6. பராமரிப்பு

இரவில் பெல்ட்டைக் கழற்றி அந்த இடத்து முடியை விலக்கிப் பாருங்கள். உண்ணிகள் ஒளிந்துகொள்ள மிகவும் பிடித்த இடம் அது. ஈர நைலான் உரசி சிவந்த புண்ணும் அங்கேதான் வரும். உங்கள் கைபேசி எண் பொறித்த வில்லை ஒன்று பெல்ட்டில் இருக்கட்டும்.

என்றாவது பெல்ட் கழன்று நாய் ரோட்டில் ஓடினால் பின்னால் துரத்தாதீர்கள், விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடும். பெயரைச் சந்தோஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே எதிர்ப்பக்கம் நடங்கள், இல்லையென்றால் குத்துக்கால் போட்டு உட்காருங்கள். கிட்டே வந்ததும் திட்டாமல் தீனி கொடுத்து, அது தின்னும்போது பெல்ட்டை மாட்டுங்கள்.