டயர் வாரண்டி: கடைக்காரர் கைவிரித்தால் என்ன செய்வது?

புது டயர் மாட்டிய எட்டாவது மாதம் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு கிளம்பியிருந்தால், கடைக்காரர் அதை விரலால் அழுத்திப் பார்த்து, "பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள், வாரண்டியில் வராது" என்று அனுப்பிவிடுவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பள்ளத்தில் மோதி உள்ளேயிருக்கும் நூலிழைகள் அறுந்தால் இப்படித்தான் புடைக்கும், வாரண்டியோ பொதுவாகத் தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டுமே. ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் டயர் நிறுவனத்தின் ஆய்வாளர், கடைக்காரர் அல்லர்.

எனவே, டயரை ஆய்வுக்கு அனுப்பும்படி கேளுங்கள். ஒப்படைக்கும்போது தேதியும் டயரின் வரிசை எண்ணும் குறித்த ரசீது இல்லாமல் கடையை விட்டு நகராதீர்கள். நான் ஒருமுறை "சார், அனுப்பியாச்சு" என்ற வாய்வார்த்தையை நம்பி மூன்று வாரம் அலைந்தேன். டயர் அதே கடையின் பின்புறம்தான் கிடந்தது. பக்கவாட்டில் உள்ள குறியீட்டையும் முன்கூட்டியே படமெடுத்துக்கொள்ளுங்கள்: கடைசி நான்கு இலக்கம் 2324 என்றிருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பில் இல்லாமல் நூறு, இருநூறு குறைத்து வாங்கியவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

க்ளெய்ம் ஏற்கப்பட்டாலும் புது டயர் இலவசமாக வருவது அரிது. பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர் மேடு, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை வைத்தே கணக்கு. புதிதில் 8 மி.மீ. இருந்த பட்டனில், தேய்மான எல்லையான 1.6 மி.மீ. போக, பயன்படுத்தத் தக்கது 6.4 மி.மீ. இப்போது 4.8 மி.மீ. இருந்தால் பாதி ஓடிவிட்டது என்று பொருள். ஓடிய அந்தப் பாதிக்கான விலையை நீங்கள் கட்ட வேண்டும். அளவுகோலை வைக்கும்போது அருகிலேயே நில்லுங்கள். அரை மில்லிமீட்டருக்கும் காசு உண்டு.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், நிராகரிக்கப்பட்ட டயரைத் திரும்பக் கேட்டு வாங்கி, வழக்கு முடியும்வரை காயலான் கடைக்குப் போகாமல் பத்திரப்படுத்துங்கள்.