தக்கலை வருவதற்குள் ஒரு ராக் ஆல்பம் கேட்பது எப்படி

பதினெட்டு வருடமாக மைக் செட் வைக்கிறேன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு, எங்கே போனாலும் ஒரே கவலைதான்: ஸ்பீக்கர் கரகரக்கக் கூடாது. அப்படிப்பட்ட எனக்கு, வேண்டுமென்றே கரகரக்க விட்ட ஒரு ஆல்பம் உயிராகிவிட்டது. ஸ்வீடனின் 'தி ஹைவ்ஸ்' குழு 2000-இல் வெளியிட்ட 'வேனி விடி விஷியஸ்'. இந்த வகைக்குக் கராஜ் ராக் என்று பெயர். 1960-களில் அமெரிக்கப் பையன்கள் வீட்டுக் கார் ஷெட்டில் வாசித்துப் பழகியதிலிருந்து வந்தது என்பார்கள்.

12 பாட்டும் சேர்ந்து 28 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நாகர்கோவில் வடசேரியில் மார்த்தாண்டம் பஸ் ஏறி, சீட் கிடைத்ததும் போடுங்கள். தக்கலைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். நடுவில் நிறுத்தாதீர்கள், வரிசையையும் மாற்றாதீர்கள்.

போன் ஸ்பீக்கர் வேண்டாம், தகர டப்பா மாதிரி இருக்கும். சாதாரண வயர் இயர்போன் போதும். போனில் அடிச்சத்தத்தைக் கூட்டும் பேஸ் பூஸ்ட் இருந்தால் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அதைக் கூட்டினால் கிட்டார் அமுங்கிவிடும். இந்த இசையின் உயிரே கிட்டாரின் கரகரப்பில்தான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குத் தாங்கும் அளவைவிட அதிகமாக சிக்னல் கொடுத்தால், ஒலி அலையின் மேடும் பள்ளமும் தட்டையாக வெட்டுப்படும். அப்போது வாசித்த ஸ்வரத்தோடு அதற்கு மேலே உள்ள ஸ்வரங்களும் சேர்ந்துகொள்ளும். ஒரு கிட்டார் நாலு கிட்டார் போல நிறைந்து கேட்பது அதனால்தான். என் ஸ்பீக்கர் பெட்டியில் இப்படி ஓட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். கிட்டார் ஆம்ப் இதைத் தாங்கும்.

சத்தம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும். ஆனால் இயர்போனை எடுத்ததும் காது 'கொய்' என்று இரைந்தால், அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

முதல் தடவை பாட்டு வரி புரிகிறதா என்றே பார்க்காதீர்கள். ட்ரம்மைப் பிடித்துக்கொண்டு போங்கள். கேரளத்துச் செண்டை மேளமான சிங்காரி மேளம் வந்தால் நாம் செண்டைக்குப் பக்கத்தில் போய்த்தானே நிற்போம்? இலைத்தாளம் என்கிற வெண்கலத் தாளம் நெஞ்சில் அடிக்கும், கால் தானாக ஆடும். அந்த இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் கிட்டார் மட்டும் தனியே போகும். பிறகு மற்றவை வந்து விழும்போது எனக்கு இன்றும் புல்லரிக்கிறது. எட்டாவது மட்டும் மெதுவான பாட்டு, ஜெர்ரி பட்லர் பாடிய பழையது. தாண்டிவிடாதீர்கள். மேளத்தில் காலம் இறக்கி ஏற்றுவது போல, அதற்குப் பிறகு வருகிற வேகம் இரட்டிப்பாகத் தெரியும்.

அடுத்த நாள் திரும்பும் பஸ்ஸில் மறுபடி போட்டு, இரண்டு கிட்டாரும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று மட்டும் கவனியுங்கள்.

பிடித்துவிட்டால் மூலத்துக்குப் போங்கள்: அமெரிக்காவின் டகோமா நகரத்து 'தி சோனிக்ஸ்', 1965-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம். அதில் முழு ட்ரம் செட்டுக்கும் ஒரே ஒரு மைக்தான் வைத்தார்களாம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, சித்திரைக் கொடைக்கு மேளத்தின் முன்னால் நாலு மைக் வைக்கும் இடத்தில், எட்டடி தள்ளி ஒன்றை மட்டும் உயர்த்தி நிறுத்தினேன். மேளம் முடிந்ததும் ஆசான் வந்து, "இன்னைக்குத்தான் மக்களே எங்க மேளம் எங்க மேளமா கேட்டுது" என்றார்.