ரூன்ஸ்கேப்பில் மீன்பிடி: லெவல் 1லிருந்து 40 வரை

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் மீன்பிடிக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு. லெவல் ஏறிப் பெரிய மீன் திறந்த உடனே அதன் பின்னால் ஓடுவது. களியக்காவிளைச் சந்தையில் பெரிய மீனுக்கு மவுசு இருக்கலாம், எக்ஸ்பி (லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி) கணக்கு வேறு. ஒரு மீனுக்கு எத்தனை எக்ஸ்பி என்பதோடு, அந்த மீன் எவ்வளவு சீக்கிரம் சிக்குகிறது, பை நிறைந்தால் எவ்வளவு தூரம் நடக்கணும் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். கடைசியில் தனியாகச் சொல்வது தவிர, இங்கே சொல்வதெல்லாம் காசு கட்டாத இலவசக் கணக்குக்கு, போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றுதான்.

முதலில் லம்பிரிட்ஜ் சதுப்புக்குப் போங்கள். ஆட்டம் தொடங்கும் பயிற்சித் தீவில் கொடுத்த சின்ன வலை கையில் இருக்கும். தொலைத்திருந்தால் அங்கே நிற்கும் மீன்பிடி ஆசான் சும்மாவே இன்னொன்று தருவார். தண்ணீரில் சலசலக்கும் இடத்தைத் தட்டினால் இறால் விழும், ஒன்றுக்கு 10 எக்ஸ்பி. லெவல் 15க்கு 2,411 எக்ஸ்பி வேண்டும், அதாவது 242 இறால். 15 ஆனதும் அதே வலையில் நெத்தோலியும் வரும், அதற்கு 40.

இந்த இறாலை எல்லாம் கீழே கொட்டிவிடாதீர்கள். பக்கத்து மரத்தை வெட்டித் தீ மூட்டிச் சுடுங்கள். கருகாமல் வெந்த ஒவ்வொரு இறாலுக்கும் சமையலில் 30 எக்ஸ்பி. 81 இறால் ஒழுங்காக வெந்தால் சமையல் லெவல் 15. அது எதற்கு என்பது கொஞ்சம் பொறுத்தால் புரியும். கருகினதற்கு எக்ஸ்பி கிடையாது, ஆரம்பத்தில் நிறையவே கருகும். அதனால் நூற்றுக்கு மேல் ஒதுக்கி வையுங்கள்.

லெவல் 5ல் சாளை திறக்கும், 20 எக்ஸ்பி. ஆனால் அதற்குத் தூண்டிலும் இரையும் காசு கொடுத்து வாங்கணும். கையில் காசில்லாத புதுக் கணக்கு என்றால் வலையோடு 20 வரை ஓட்டுவதே மேல். அந்தக் காசு, 20க்குப் பிறகு மீன்பிடிக்க வேண்டிய இறகுக்கு உதவும்.

20ல் டிரவுட் என்ற ஆற்று மீன் திறக்கும், அதற்கு மேல்தான் நிஜமான வேகம். போர்ட் சாரிமில் ஜெரண்ட் கடையில் ஃப்ளை ஃபிஷிங் ராட் வாங்குங்கள். பெயரைச் சரியாகப் படிக்கணும். சாதாரண ஃபிஷிங் ராட் வேறு, அதை வைத்து டிரவுட் பிடிக்க முடியாது. அதே கடையில் 100 இறகு உள்ள பொட்டலமும் கிடைக்கும். ஒரு மீனுக்கு ஓர் இறகு செலவு. காசே இல்லையா? லம்பிரிட்ஜ் கோழிப்பண்ணையில் கோழி அடித்தால் 5, 15 என்று இறகு விழும். கோழிக்காக மட்டும் வருகிறவர்கள் இறகைத் தரையில் விட்டுப் போவதும் உண்டு, பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வடக்கே ஃபலடோர், அதன் கிழக்கே பார்பேரியன் வில்லேஜ். ஆற்றங்கரையில் ஸ்பாட்டை, அதாவது தண்ணீர் சலசலக்கும் இடத்தை, தட்டினால் 'லூர்', 'பெய்ட்' என்று இரண்டு வழி இருக்கும். உங்களுக்கு வேண்டியது லூர். பெய்ட் என்பது சாதாரணத் தூண்டிலும் இரையும் வைத்திருப்பவருக்கு. "இறகு இருக்கு, ஆனா மீன் வரல" என்று குழம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள்.

கணக்கைப் பாருங்கள். 20லிருந்து 30க்கு 8,893 எக்ஸ்பி. டிரவுட் ஒன்றுக்கு 50, ஆக 178 டிரவுட், 2 பொட்டலம் இறகு. 30லிருந்து 40க்கு 23,861. இப்போது 70 எக்ஸ்பி தரும் சால்மனும் கலந்து வரும். டிரவுட் மட்டுமே வந்தாலும் 478 தாண்டாது. ஆக மொத்தம் 7 பொட்டலம் வாங்கினால் 40 வரை கவலையில்லை.

பையில் 28 கட்டம். ராடும் இறகும் இரண்டை அடைத்துக்கொள்ளும், மிச்சம் 26 மீன். நிறைந்ததும் மூன்று வழி. வேகம் மட்டும் போதுமென்றால் அங்கேயே கொட்டுங்கள். கம்ப்யூட்டரில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கிளிக், போனில் தட்டினால் கொட்டும் வசதியை ஆன் செய்தால் போதும். சமையலும் வேண்டுமா? டிரவுட்டைச் சுட லெவல் 15 தேவை, இறாலைச் சேர்த்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஒரு டிரவுட் சமையலில் 70 எக்ஸ்பி, பிடிக்கக் கிடைப்பதைவிட அதிகம். மூன்றாவது, வடக்கே எட்ஜ்வில் ஊரில் இருக்கும் பேங்க்கில் மீனைப் போட்டு வைப்பது. அதையும் தாண்டி வடக்கே இருக்கும் பள்ளத்தைக் குதித்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் வைல்டர்னஸ், மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம்.

மீன் விழுமா என்பதை ஆட்டம் 3 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். ஒரு நிமிஷம் ஒன்றும் வரவில்லை என்றால் திரும்பத் திரும்பத் தட்டிப் பயனில்லை. ஆள் சும்மா நிற்கிறாரா என்று மட்டும் பாருங்கள். ஸ்பாட் அவ்வப்போது இடம் மாறும், அப்போது புது இடத்தைத் தட்டணும். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் விளையாடும்போது பாறசாலைப் பக்கம் டவர் அறுந்தாலும் பிடித்த மீன் போகாது, திரும்ப உள்ளே வந்து தட்டினால் சரி. சிக்னல் மோசம் என்று ஆட்டோ கிளிக்கர் (தானாகத் தட்டும் மென்பொருள்) மட்டும் போட்டுவிடாதீர்கள். மாட்டினால் கணக்கே போய்விடும்.

40ல் சிங்கி இறால் ஆசை காட்டும், 90 எக்ஸ்பி. அதைப் பிடிக்கக் கராம்ஜா தீவுக்குப் போகணும், படகுக்கு 30 காசு, தீவில் பக்கத்தில் பேங்க் இல்லை, மீனும் மெதுவாகத்தான் சிக்கும். விற்றுக் காசாக்க வேண்டுமானால் போங்கள். எக்ஸ்பிக்காக என்றால் டிரவுட்டிலேயே நில்லுங்கள். சுறா இன்னும் தூரம்: தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போய்ப் பிடிப்பதை இங்கே பிடிக்க லெவல் 76ம், காசு கட்டிய கணக்கும் வேண்டும்.

கணக்குக்குக் காசு கட்டப் போகிறீர்கள் என்றால் சீ ஸ்லக் என்ற குவெஸ்ட்டை (ஆட்டத்துக்குள் வரும் கதைப் பணி) முதலில் முடியுங்கள். அது தரும் 7,175 மீன்பிடி எக்ஸ்பி ஒரே அடியில் 1லிருந்து 24க்குத் தூக்கிவிடும், ஆனால் தீமூட்டும் திறன் 30 வேண்டும். மீன்பிடியில் 58 வந்ததும் ஓட்டோ என்பவரின் குகைப் பக்கம் போங்கள். பலமும் சுறுசுறுப்பும் 30 இருந்தால் அங்கே லீப்பிங் சால்மன் பிடிக்கலாம். அதற்கான கனத்த தூண்டில் அவர் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.