சிங்கப்பூரில் மாலை நடை: நீர்நாய் பார்க்கப் பழகுவது எப்படி?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், மைனாவைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. மாலை நடையில் நீர்நாயையும் மற்ற விலங்குகளையும் பார்க்கப் பழகிய பிறகு இந்த ஊர் எனக்கு வேறு ஊராகிவிட்டது. புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஒரே பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாளுக்கொரு பூங்கா வேண்டாம். பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் தொடங்கலாம். அங்கே நேர்க்கோடாகக் கிடந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றை வளைந்து ஓடவிட்டு 2012-இல் திறந்தார்கள். கரையில் புல்லும் கல்லும் இருப்பதால் விலங்குகள் எளிதாக ஏறி இறங்குகின்றன.

அப்புறம், நேரம். இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறையும். ஆறேகாலுக்கே கரைக்குப் போய்விடுங்கள்.

நடப்பதை நிறுத்துங்கள். இதுதான் பலருக்கு வராது. ஓர் இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று தண்ணீரைப் பாருங்கள். குமிழிகள் வரிசையாக நகர்ந்து வந்தால் அடியில் நீர்நாய் நீந்துகிறது. கீச்சென்று ஒரு சத்தம், அதற்குப் பதிலாக இன்னொன்று. குடும்பமே வருகிறது என்று அர்த்தம். ஒருமுறை என்னிடமிருந்து பதினைந்தடி தூரத்தில் ஒன்று கரையேறி, முன்னங்கால்களுக்கிடையில் மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடிக்க ஆரம்பித்தது. முள் நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. தின்று முடித்ததும் புல்லில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டது. நம் காவிரியில் இருப்பதும் இதே இனம்தான். அங்கே ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

நீர்நாய் வராத நாளிலும் ஏமாற்றம் இருக்காது. உடும்பு நாக்கை நீட்டிக்கொண்டே நீந்தும். இராக்கொக்கு கல் மேல் குறுகி உட்கார்ந்திருக்கும். கரைக்கல்லில் மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் கிடந்தால், அந்த இடத்தை மறுநாளும் பாருங்கள்.

விலகி நில்லுங்கள். குட்டிகளோடு இருக்கும் நீர்நாய் பாய்ந்து கடிக்கலாம். கேமரா ஃபிளாஷ் வேண்டாம். எதற்கும் தீனி போடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மனிதனிடம் தின்னப் பழகிய விலங்குக்குத்தான் கடைசியில் ஆபத்து.

இருட்டிய பிறகு காதையும் மூக்கையும் நம்புங்கள். மரத்தில் சுத்தியலால் தட்டுவதுபோல் ‘டொக், டொக்’ என்று சீராகக் கேட்டால் அது பக்கி என்ற இரவுப் பறவை. சிக்லாப் பக்கம் வீடு இருந்தால் எட்டு மணிக்கு மேல் தெருவில் மெதுவாக நடந்து பாருங்கள். யாரும் சமைக்காத இடத்தில், இங்கே பாண்டான் என்கிறார்களே, அந்த ரம்பை இலை வாசம் திடீரென்று வந்தால் நின்றுவிடுங்கள். மரநாய் என்ற, பூனை போன்ற இரவு விலங்கின் வாசம் அது. மாமரக் கிளையையும் கூரை விளிம்பையும் அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில்தான் எங்கோ இருக்கும்.