விடுமுறை விருந்துகளில் எடை கூடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

விடுமுறை நாட்களில் உடம்பைக் குறைக்க முயல வேண்டாம். வீடு நிறைய சொந்தபந்தம் இருக்கும் வாரத்தில் அது ஆகாத காரியம். முன்பு இருந்த எடை பின்பும் அப்படியே இருந்தால் போதும். அமெரிக்காவில் 195 பேரின் எடையைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பண்டிகைக் காலத்தில் அவர்களுக்குக் கூடியது சராசரியாக 0.37 கிலோதான், ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அது இறங்கவில்லை. வருடா வருடம் இப்படிச் சேர்வதைத்தான் தடுக்க வேண்டும்.

படி 1: தொடக்க எடை

விடுமுறைக்கு முன் 3 நாள், காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்றின் சராசரியைக் குறித்துவையுங்கள். எடை மெஷின் கெட்டியான தரையில் இருக்கட்டும். விரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும்.

படி 2: விருந்துகளை எண்ணுங்கள்

10 நாள் விடுமுறை என்றால் 30 வேளை சாப்பாடு. அதில் நிஜமான விருந்து நாலோ ஐந்தோதான் இருக்கும். அவற்றைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மீதி 25 வேளையும் வழக்கமான சாப்பாடு. "லீவுதானே" என்று முப்பதையும் விருந்தாக்கும்போதுதான் எடை ஏறுகிறது.

படி 3: பட்டினி கிடந்து போகாதீர்கள்

பலரும் செய்யும் தவறு இது. இரவு விருந்துக்காகக் காலையும் மதியமும் பட்டினி கிடந்தால், அங்கே போனதும் கை முதலில் நீள்வது பொரித்ததற்கும் இனிப்புக்கும்தான். வயிறு நிறைந்த உணர்வு வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அகோரப் பசியில் அதற்குள் இரண்டு தட்டு காலியாகிவிடும். காலையில் 20 கிராம் புரதமாவது சேருங்கள். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் கிடைக்கும். மீதிக்குத் தயிரோ வேகவைத்த பயறோ போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டு வேளையைத் தவறவிடவே கூடாது.

படி 4: தட்டு

எடுத்துப் போடும் முன் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். எந்த நாளும் கிடைப்பதை விட்டுவிட்டு, அன்று மட்டும் கிடைப்பதற்கு இடம் வையுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால்வாசி புரதம், கால்வாசி மாவுச்சத்து. எண்ணெய் மிதக்கும் குழம்பையும் சாஸையும் அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. இனிப்பைச் சாப்பாட்டுத் தட்டில் சேர்க்காமல், கடைசியில் தனியாக எடுத்து உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுங்கள். 330 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. அது வயிற்றையும் நிரப்பாது. தண்ணீர் போதும்.

படி 5: "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ"

தட்டு காலியானால் பரிமாறுகிறவர்கள் விடமாட்டார்கள்; அது அவர்களுடைய அன்பு. அதனால் கடைசிக் கவளத்தை மெதுவாகச் சாப்பிடுங்கள், எல்லோரும் முடிக்கும்வரை தட்டில் ஏதாவது இருக்கட்டும். "டயட்டில் இருக்கேன்" என்று சொன்னால் வாதம் தொடங்கிவிடும். "ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றால் பேச்சு அங்கேயே முடியும்.

படி 6: மேசை மேல் இருக்கும் டப்பா

விருந்தைவிட ஆபத்தானது இதுதான். டிவிக்கு எதிரே மூடி திறந்தபடி பலகார டப்பா. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. துண்டுக்கு 100 கலோரி என்று வைத்தால்கூட ஆறு துண்டு 600. சாப்பிட்ட கணக்கே நினைவில் நிற்காது. மிச்சப் பலகாரத்தை வெளியே தெரியாத டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். வேண்டும்போது இரண்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள். டப்பாவோடு உட்காரக் கூடாது.

படி 7: நடை

சாப்பிட்டபின் 15–20 நிமிடம் நடங்கள். எரியும் கலோரி குறைவுதான். ஆனால் ரத்தச் சர்க்கரை மட்டாக ஏறும், மேசையை விட்டும் எழுந்துவிடுவீர்கள்.

படி 8: மறுநாள் காலை

எடை மெஷின் ஒன்றரை கிலோ கூடுதலாகக் காட்டலாம். பயப்படாதீர்கள். உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும். மாவுச்சத்து கிளைகோஜனாக (உடம்பு சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வடிவம்) சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரை இழுக்கும். குடலில் உணவும் இருக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி மிகுதியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரே விருந்தில் அது நடப்பது அரிது. பட்டினி போடாமல் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். 4 நாள் கழித்துப் பாருங்கள். தொடக்க எடையைவிட அப்போதும் அரை கிலோ கூடுதலாக இருந்தால், தினமும் 250–300 கலோரி குறையுங்கள்: சர்க்கரை போட்ட பானங்களை நிறுத்தி, இரவில் மாவுச்சத்தைப் பாதியாக்கினாலே பெரும்பாலும் அந்த அளவு வந்துவிடும். அரை கிலோ இறங்க சுமார் இரண்டு வாரம் ஆகும்.